கிளை, நட்பு, பகை: சுரக்கூட்டின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தமிழிசையையும் மேனாட்டிசையையும் ஒருங்குவைத்துப் பேசுவோரிடையே இரு வேறு துணிபுகள் நெடுங்காலமாக நிலவிவருகின்றன. மேனாட்டாரின் இசையிலே பல சுரங்கள் ஒரே வேளையிற் சேர்ந்தொலிக்கும் கூட்டொலி உண்டு. நம்மவர் இசையிலே அஃது இல்லை. ஆதலின் நமது இசை வளர்ச்சியின் இடைப்படியிலேயே நின்றுவிட்டது என்பது முதலாவது துணிபு. மேனாட்டார் கண்டன யாவும் சிலப்பதிகாரத்திலேயே உள்ளன; கூட்டொலியின் இலக்கணமும் ஆங்கே கூறப்பட்டுள்ளது என்பது மற்றையது. முன்னது தாழ்வுணர்ச்சியின் விளைவு. பின்னது அதற்கு எழுந்த மறுமொழி. இரண்டும் ஒரே குறையை உடையன. ஓர் இசைமரபு எவ்வாறு, எந்தத் தேவைகளாலே, எதனை ஏற்று எதனை விட்டு வளர்ந்தது என்னும் வரலாற்று வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்பி, இயன்றவரை விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுரக்கூட்டு யாது?

கிற்றார் வாசிக்கும் இளைஞர் ‘கோட்’ என வழங்குவதனையே ஈண்டுச் சுரக்கூட்டு என்கின்றோம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்கள் ஒருங்கே ஒலிக்க, அவற்றைச் செவி ஒரு தொகுதியாக ஏற்றுக்கொள்வதே சுரக்கூட்டு. அதன் அடிப்படை அமைப்பு எளிது. ஒரு சுரத்தை எடுத்து, அதிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக மேலும் இரு சுரங்களைச் சேர்த்தல் வேண்டும். நமக்குப் பழக்கமான தீரசங்கராபரணத்தின் ஏழு சுரங்களைக் கொண்டே இதனை விளக்கலாம். சட்சத்தை அடியாகக் கொண்டால் ச, க, ப என்பது ஒரு கூட்டு. மத்திமத்தை அடியாகக் கொண்டால் ம, த, ச. பஞ்சமத்தை அடியாகக் கொண்டால் ப, நி, ரி. இம்மூன்று கூட்டுக்களையும் ஒருங்கு நோக்கின் ஏழு சுரங்களும் அவற்றுள் அடங்கிவிடுதல் புலனாகும். சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்த எந்த மெட்டுக்கும் இம்மூன்று கூட்டுக்களைக் கொண்டே ஒருவாறு துணைசெய்துவிடலாம் என்பதன் காரணம் இதுவே.

கூட்டுக்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. ஒரு தானத்தைப் பன்னிரண்டு அரைச்சுர இடைவெளிகளாகப் பகுத்து அளந்தால், ச, க, ப என்னும் கூட்டிலே சட்சத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையே நான்கு அரைச்சுரங்களும், காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையே மூன்று அரைச்சுரங்களும் உள்ளன. இதனை மேஜர் கூட்டு என்பர். ரிஷபத்தை அடியாகக் கொண்ட ரி, ம, த என்பதிலோ முதலில் மூன்றும் பின்னர் நான்குமாக இடைவெளிகள் முறைமாறி நிற்கின்றன. இது மைனர் கூட்டு. நிஷாதத்தின் மீது எழும் நி, ரி, ம என்பதில் இரு இடைவெளிகளும் மும்மூன்றாய்க் குறுகுதலால் அது நிலைகொள்ளாத ஒலியைத் தருகின்றது.

கூட்டுக்களிடையே உறவும் உண்டு. பஞ்சமக் கூட்டிலுள்ள நிஷாதம் மேற்சட்சத்துக்கு ஓர் அரைச்சுரமே கீழே நிற்பது. அது சட்சத்தைச் சென்றடைய விழைவது போன்ற உணர்ச்சியைச் செவிக்குத் தருகின்றது. ஆதலின் பஞ்சமக் கூட்டின் பின்னர்ச் சட்சக் கூட்டு ஒலிக்கும்போது பிரிந்து சென்றவர் வீடு திரும்பியது போன்ற நிறைவு உண்டாகின்றது. கூட்டுக்களின் இவ்விழைவையும் நிறைவையும் ஒழுங்குபடுத்துவதே மேனாட்டாரின் ஒத்திசை இலக்கணத்தின் சாரம்.

பழந்தமிழர் கண்ட நரம்புறவு

இனி நம் இலக்கியத்தின்பாற் செல்வோம். சிலப்பதிகாரத்து வேனிற்காதையிலே மாதவி யாழைக் கைக்கொண்டு அதன் நரம்புகளை ஆராயும் இடத்தில் இணை, கிளை, பகை, நட்பு என நால்வகை நரம்புறவு கூறப்படுகின்றது. அரும்பதவுரைகாரரும் அடியார்க்குநல்லாரும் தரும் விளக்கங்களிலிருந்து இவ்வுறவுகளின் இயல்பை நாம் அறிகின்றோம். இக்கட்டுரைக்கு வேண்டுவன கிளை, நட்பு, பகை என்னும் மூன்றே. நின்ற நரம்பிலிருந்து எண்ண ஐந்தாவதாக வருவது கிளை. நான்காவதாக வருவது நட்பு. மூன்றாவதும் ஆறாவதும் பகை.

கிளையைத் தொடர்ந்து எண்ணிச் செல்லும்போது குரலுக்கு இளி, இளிக்குத் துத்தம், துத்தத்துக்கு விளரி, விளரிக்குக் கைக்கிளை என ஓர் சங்கிலி உருவாகின்றது. தாரத்திலிருந்து உழையும், உழையிலிருந்து குரலும் பிறக்கும் என்ற கொள்கையையும் இதனோடு சேர்ப்பின் ஏழு நரம்புகளும் ஐந்தாம் உறவொன்றினாலேயே பிறந்துவிடுகின்றன. யாழுக்கு நரம்பு கட்டுவோன் அளவுகோலையன்றித் தன் செவியையே நம்பியவன். ஒரு நரம்பையும் அதன் ஐந்தாம் நரம்பையும் ஒருங்கே மீட்டி, அவை பிசிறின்றி ஒன்றும்வரை முறுக்கி, அங்கிருந்து அடுத்த ஐந்தாவதற்குச் செல்லுதல் அவன் முறை. கிரேக்க நாட்டிலே கி.மு. 6 ஆம் நூற்றாண்டினரான பித்தாகரசின் பெயரால் வழங்கும் சுரமுறையும் இதே ஐந்தாம் சங்கிலியின் வழி அமைந்ததேயாம். நாட்டிய சாத்திரம் சம்வாதி எனக் குறிப்பதும் நான்காம், ஐந்தாம் உறவுகளையே. ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றனர் என்று கொள்ள வேண்டிய தேவை இங்கில்லை. முறுக்கிய நரம்பும் மனிதச் செவியும் எங்கும் ஒன்றே.

ஆயின் ஈண்டு ஒரு வினா எழுகின்றது. சிலப்பதிகார உரைகள் மூன்றாம் நரம்பைப் பகை என்கின்றன. நாம் மேலே கண்ட சுரக்கூட்டோ மூன்றாம் சுரத்தின் மீதே கட்டப்பட்டது. சட்சத்தோடு பஞ்சமம் மாத்திரம் ஒலித்தால் மேஜர், மைனர் என்ற வேறுபாடே தோன்றாது. அவற்றுக்கு உயிர்தருவது நடுவிலுள்ள காந்தாரம். ஒரு மரபிலே பகையெனப்பட்டது மற்றொரு மரபிலே கூட்டின் உயிரானது எவ்வாறு?

பகை நட்பான கதை

இதற்கான விடையைக் கணக்கிலே தேடலாம். ஒரு சுரத்தின் அதிர்வெண் 1 ஆனால் அதன் ஐந்தாவதன் அதிர்வெண் 3/2. ஐந்தாவதை நான்கு முறை தொடர்ந்து சென்று, இரண்டு தானங்கள் கீழிறங்கினால் கிடைக்கும் காந்தாரம் 81/64. செவிக்கு இயல்பாக இனிக்கும் காந்தாரமோ 5/4, அதாவது 80/64. வேறுபாடு மிகச் சிறிது, விளைவு சிறிதன்று. சட்சத்தின் அதிர்வு செக்கனுக்கு 256 எனக் கொள்வோம். இயல்பான காந்தாரம் 320. சங்கிலிக் காந்தாரம் 324. எந்த ஒலியும் தனித்து வருவதில்லை. அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுகளும் மெலிதாக உடன்வருகின்றன. சட்சத்தின் ஐந்தாம் மடங்கு 1280, இயல்பான காந்தாரத்தின் நான்காம் மடங்கும் 1280, இரண்டும் ஒன்றிவிடுகின்றன. சங்கிலிக் காந்தாரத்தின் நான்காம் மடங்கோ 1296. 1280 உம் 1296 உம் ஒருங்கொலிக்கும்போது செக்கனுக்குப் பதினாறு முறை ஒலி விம்மித் தாழ்கின்றது. அந்த அதிர்ச்சியையே செவி கரகரப்பாக உணர்கின்றது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863 இல் வெளியிட்ட ஒலியுணர்வு பற்றிய நூலிலே இன்னிசைவுக்கும் இன்னாவொலிக்கும் கூறிய விளக்கத்தின் அடிப்படை இதுவே.

கிளைவழி கட்டப்பட்ட யாழிலே மூன்றாம் நரம்பு கரகரத்திருக்கும். அதனைப் பகை என்றவர் தாம் கேட்டதையே கூறினார் எனக் கருதுதற்கு இடமுண்டு. நரம்புறவுக்கு இசையோட்டம் சார்ந்த வேறு விளக்கங்களும் இருத்தல் கூடும். எனினும் ஐரோப்பிய வரலாறும் இக்கருத்துக்கு அரண்செய்கின்றது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே எழுந்த மூசிக்கா என்கிரியாதிஸ் என்னும் இலத்தீன் நூல் துறவிகளின் பாடலுக்குத் துணைக்குரல் சேர்க்கும் முறையைக் கூறுகின்றது. அத்துணைக்குரல் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ சென்றதேயன்றி மூன்றாவதாகச் செல்லவில்லை. நட்பும் கிளையும் ஏற்கப்பட்டன, பகை ஒதுக்கப்பட்டது. அந்நாளில் அவர்களும் சுரங்களைப் பித்தாகரசின் முறைப்படியே கணித்தனர் என்பது நோக்கற்பாலது.

பதின்மூன்றாம் நூற்றாண்டினர் மூன்றாவதனை முழுமையற்ற இன்னிசைவு என ஏற்கத் தொடங்கினர். பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இங்கிலாந்தின் டன்ஸ்டபிள் முதலியோரின் பாடல்களில் மூன்றாவது இனிமையின் உறைவிடமாயிற்று. பாடகர் செவிவழியே காந்தாரத்தைச் சற்றுத் தாழ்த்திப் பாடிச் சமாளிக்கலாம். தேவாலயத்து ஓர்கன் கருவி அவ்வாறு செய்தல் இயலாது. ஆகவே கருவியின் சுருதியே மாற்றப்பட்டது. ஐந்தாவதனைச் சிறிது குறைத்து மூன்றாவதனைத் தூய்மைப்படுத்தும் முறையை இத்தாலியரான ஆரோன் 1523 இல் விளக்கினார். சார்லினோ 1558 இல் வெளியிட்ட நூலிலே 4:5:6 என்ற விகிதத்தைக் கூட்டொலியின் அடிப்படையாக நிறுவினார். பிரான்சு நாட்டு ராமோ 1722 இல் தமது ஒத்திசை நூலை வெளியிட்டபோதுதான் சுரக்கூட்டு என்பது தனியொரு பொருளாக முழுவடிவம் பெற்றது. ச, க, ப எனினும் க, ப, ச எனினும் ப, ச, க எனினும் கூட்டு ஒன்றே. அதன் அடிச்சுரம் சட்சமே என அவர் கண்டார். யாழும் துறவியரின் துணைக்குரலும் ஒதுக்கிய மூன்றாவது இலக்கணத்தின் நடுவிடம் பெறுதற்கு ஐரோப்பாவில் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் சென்றன.

ஆகவே சுரக்கூட்டு மேனாட்டாரின் பிறவிக்குணமன்று. பலர் கூடிப் பாடும் மடாலயம், குரல்களைப் பிரித்து எழுதும் குறியீட்டு முறை, நிலைத்த சுருதியுடைய ஓர்கன் ஆகிய நிறுவனங்களும் கருவிகளும் சேர்ந்து படிப்படியாக ஆக்கிய ஒரு வரலாற்று விளைவு அது.

நம்மவர் ஏற்றதும் விட்டதும்

தமிழகத்து இசைவாணர் இதனைக் கேட்டறியாதவர் அல்லர். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசியின் அவையிலே மேனாட்டு வாத்தியக் குழு இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஆங்கிலேயரின் மெட்டுக்களுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் இயற்றினார். பிரித்தானிய அரசவாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. சங்கராபரணத்தில் அமைந்த இவையே நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படுகின்றன. தீட்சிதரின் தம்பியாரான பாலுசுவாமி தீட்சிதர் வயலினைப் பயின்று கருநாடக இசைக்கு உரியதாக்கினார்.

இவர்கள் எடுத்துக்கொண்டவை மெட்டும் கருவியும். விட்டுவிட்டது கூட்டொலி. மேனாட்டு வயலினின் நான்கு தந்திகளும் ஒன்றற்கொன்று ஐந்தாவதாய், கிளைச் சங்கிலியாகவே, சுருதி கூட்டப்படுவன. நம்மவரோ அதனைச் ச, ப, ச, ப என மாற்றிக்கட்டினர். கருவியின் அடியிலே ஆதாரசுருதி ஒன்றையே நாட்டினர். கருவியை நெஞ்சிலும் பாதத்திலும் ஊன்றி, இடக்கை தந்திமீது தடையின்றி வழுக்கிச் செல்ல வகைசெய்தனர். வேண்டியது கமகம். கமகத்துக்குச் சுரம் அசைதல் வேண்டும். சுரக்கூட்டுக்குச் சுரம் நிற்றல் வேண்டும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது அசைந்துகொண்டேயிருப்பது. அதனோடு எந்தச் சுரத்தைக் கூட்டி நிறுத்துவது? அறியாமையினாலே விட்டனர் என்பது பொருந்தாது. தாம் வளர்த்தெடுத்த ஒன்றைக் காத்தற்பொருட்டு விட்டனர் என்பதே பொருந்தும்.

மேனாட்டாரும் விலைகொடுத்தே சுரக்கூட்டைப் பெற்றனர். ஐந்தாவதைப் பன்னிரு முறை தொடர்ந்தால் தொடங்கிய சுரத்துக்கே மீளுதல் வேண்டும். கணக்கிலோ அது சற்று மிஞ்சிவிடுகின்றது. எல்லாச் சுரங்களையும் அடியாகக் கொண்டு கூட்டமைக்க விரும்பியமையால் தானத்தைப் பன்னிரண்டு சம கூறுகளாக வகுத்தனர். அதன்வழிக் கிடைக்கும் காந்தாரம் இயல்பான காந்தாரத்தினும் சிறிது உயர்ந்தது. நமது கணக்கின்படி அது சட்சத்தோடு சேர்ந்து செக்கனுக்கு ஏறக்குறையப் பத்து முறை விம்முகின்றது. இன்றைய பியானோவின் ஒவ்வொரு மேஜர் கூட்டிலும் அச்சிறு கரகரப்பு உண்டு. அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்தை விலக்கியபோது கூறப்பட்ட காரணங்களிற் சமகூற்றுச் சுருதியும் கமகம் இயலாமையும் முதன்மையானவை. அத்தடை 1971 இலேயே தளர்த்தப்பட்டது.

இவ்விரு உலகங்களையும் ஒருங்கே நோக்கிய தமிழறிஞருள் இருவரை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) மேனாட்டிசையையும் கற்றவர். 1917 இல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்திலே, பழந்தமிழர் தானத்தை 24 சம சுருதிகளாகப் பகுத்தனர் என அவர் வாதிட்டார். மற்றையவர் காரைதீவிற் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராய் 1943 இல் பதவியேற்ற விபுலாநந்த அடிகள் (1892–1947). விஞ்ஞானப் பட்டதாரியான அடிகளார் நரம்பின் நீளங்களைக் கணித்து யாழின் உருவை மீட்க முயன்றார். அவ்வுழைப்பின் பயனான யாழ்நூல் 1947 இல் அரங்கேறியது; அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். பண்டிதரின் முடிபுகள் அனைத்தையும் நாம் ஏற்றல் வேண்டுவதில்லை. அடிகளாரின் முடிபுகளும் ஆய்வுக்கு உரியனவே. ஆயின் செவியையும் கணக்கையும் நூற்சான்றையும் ஒருங்குவைத்து ஆராய்ந்த அவர்தம் நெறி இன்றும் பின்பற்றத்தக்கது. பெருமை பேசுவோர் அவர் பெயர்களை எடுத்துக்கொண்டு அந்நெறியை விட்டுவிடுகின்றனர்.

நமது சூழல்

ஈழத்தில் இக்கதைக்கு வேறொரு முகமும் உண்டு. போர்த்துக்கேயர் 1505 இல் வந்து 1658 இல் நீங்கினர். அவர் வழிவந்த ஆடற்பாடல்கள் நீங்கவில்லை. மட்டக்களப்புப் பறங்கியரின் கபிரிஞ்ஞா ஆடலும், அவ்வழித் தோன்றிப் பெருவழக்குற்ற பைலாவும் மூன்று சுரக்கூட்டுக்களை நாட்டு மக்களின் செவிக்குப் பழக்கப்படுத்தின. நித்தி கனகரத்தினம் முதலியோரின் தமிழ்ப் பொப் பாடல்கள் கிற்றாரோடு எழுந்தபோது யாழ்ப்பாணத்துச் சிற்றூரவர்க்கும் அவ்வொலி அந்நியமாகத் தோன்றவில்லை. விபுலாநந்தர் பிறந்த மண்ணிலேயே கிளை நரம்பின் நினைவும் கபிரிஞ்ஞாவின் கூட்டொலியும் அருகருகே வாழ்ந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

பேராதனையிலிருந்து கம்பளை செல்லும் வீதியிலுள்ள கெலிஓயாவில் வாழும் ஒருவனுக்கு இவ்வரலாற்றை ஏட்டிலே மாத்திரம் தேடவேண்டிய நிலை இல்லை. சுற்றுவட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்தின் அருகே ஒத்து ஒரே சுரத்தை விடாது ஊதுகின்றது. தோட்டத்துக் காமன் கூத்திலே ஒற்றைக் குரலும் தப்பும். கண்டி செல்லும் பஸ்வண்டியில் பைலா. மலைநாட்டுத் தமிழரிடையே 1854 இல் தொடங்கப்பெற்ற தமிழ்க் கூலி மிஷன் என்னும் திருப்பணியின் வழிவந்த தேவாலயங்களில் இரு மரபுகளும் ஒரே கூரையின்கீழ்ச் சந்திக்கின்றன. அங்கே பாமாலை என்பது மேனாட்டு மெட்டிலே நான்கு குரலுக்கு அமைந்தது; கீர்த்தனை என்பது இராகத்தில் அமைந்தது. கூலியென்று இழித்துப் பெயரிடப்பட்ட மக்கள் இரண்டையும் வேறுபாடறிந்து பாடினர். இசையின் உயர்வு தாழ்வு பற்றி வாதிடும் கற்றோர் இவர்களிடம் கற்கவேண்டியது உண்டு.

இன்று தமிழ்ப் பாடலென இளைஞர் கேட்பதிற் பெரும்பகுதி சுரக்கூட்டின்மீது அமைந்தது. அன்னக்கிளியின் வழி 1976 இல் அறிமுகமான இளையராஜா நாட்டார் மெட்டின்கீழ் மேனாட்டு ஒத்திசையை ஓடவிட்டபோது இரண்டும் முரணாது செல்லும் வழிகள் பல புலப்பட்டன. மோகனத்தின் ஐந்து சுரங்களுள்ளேயே ச, க, ப என்னும் மேஜர் கூட்டும் த, ச, க என்னும் மைனர் கூட்டும் உண்டு. ஆதலின் அவ்விராகம் கூட்டொலியை எளிதில் ஏற்கின்றது. தோடி ஏற்பதில்லை. எது ஏற்கும், எது ஏற்காது, ஏன் என்பதை அறியாது கூட்டுக்களை அள்ளித் தெளிப்பின் இராகம் சிதையும். அஞ்சி ஒதுக்கின் புதிய ஆக்கம் பிறவாது. பல்கலைக்கழகத்து இசைவிழாக்களுக்குப் பாடல் அமைக்கும் நம்மனோர் எதிர்நோக்கும் இடர்ப்பாடு இதுவே.

இறுதியாக ஒன்று கூறுதல் தகும். தம்புராவைச் செம்மையாகச் சுருதி கூட்டி மீட்டினால் மந்தர சட்சத்தின் தந்தியிலிருந்து, யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் மெல்ல எழும். இதனை இசைவாணர் நன்கு அறிவர். தந்தியின் நான்காம், ஐந்தாம், ஆறாம் மடங்குகள் முறையே ச, க, ப. சார்லினோ எழுதிய 4:5:6 இதுவே. சுரக்கூட்டின் வித்து நம் தம்புராவிலும் இருந்தது; நம்மவர் அதனைக் கேட்டும் இருந்தனர். கேட்ட காந்தாரத்தைப் பிரித்தெடுத்து நிறுத்தி, அதன்மேல் மாளிகை எழுப்பினர் ஒரு சாரார். அதனைப் பின்னணியிலே ஒலிக்கவிட்டு, அதன் முன்னே ஒற்றைக் குரலின் நுண்மைகளை வளர்த்தனர் மற்றொரு சாரார். இயற்கை இருசாரார்க்கும் ஒன்றனையே அளித்தது, தேர்ந்துகொண்டவை வேறாயின. அத்தேர்வுகளின் காரணங்களை ஆராய்வதே இசை வரலாற்றின் பணி. எவர் முந்தியவர் என்னும் வழக்கைத் தீர்ப்பது அதன் பணியன்று.